கார்டியன் ஓ.பி.: ஓர் இரங்கல்

வெளிநாட்டுத் தம்பதிகளுக்காகப் போடப்பட்டுவந்த ‘கார்டியன் ஓ.பி.’, அதாவது பாதுகாவலர் பதவி கேட்கும் ‘ஒரிஜினல் பெட்டிஷன்’, நம் நீதிமன்றங்களிலிருந்து மறைந்துவிட்டது. சாவுத் தேதி என்று ஒரு நாளைக் குறித்தே ஆகவேண்டுமென்றால் 2016 ஜனவரி 15ஐச் சொல்லலாம். அதற்குப் பத்தாண்டுக்கு முன்பே அது படுத்த படுக்கையாகிவிட்டது. போனபோது யாரும் அழவில்லை. எங்கள் வக்கீல் தொழிலில் இருப்பவர்களே அதைப் பற்றிப் பேசுவது குறைந்துவிட்டது. ஆனால் அந்த மனுவின் வழியாகத்தான் இந்தியக் குழந்தைகள் ஆயிரக்கணக்கில் கடல் கடந்து போனார்கள். சுவீடனிலும் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் இன்று நடுவயதில் இருக்கும் அவர்களுக்கு, இந்த மண்ணில் தாங்கள் பிறந்ததற்கு இருக்கும் எழுத்துச் சான்று பெரும்பாலும் அந்த ஒரு மனுவின் கட்டுதான். அதனால் இதை எழுதுகிறேன்.

பெயர் அப்படியே இருக்கிறது. மனுக்களும் இன்றும் தாக்கலாகின்றன. பெற்றோரை இழந்த பேரனுக்காகப் பாட்டி போடுகிறாள், தம்பி மகளுக்காகப் பெரியப்பா போடுகிறார். நான் சொல்வது அதையல்ல. ஸ்டாக்ஹோமிலோ மிலானிலோ இருக்கும் கணவனும் மனைவியும், நேரில் பார்த்தே இராத ஒரு சென்னைக் குழந்தைக்குத் தங்களைப் பாதுகாவலராக நியமிக்கும்படியும், அதைத் தங்கள் நாட்டுக்குக் கூட்டிப்போக அனுமதிக்கும்படியும் கேட்டுப் போட்ட மனு. சென்னை நகரத்துக்குள் என்றால் உயர் நீதிமன்றத்திலேயே தாக்கலாகும். மற்ற ஊர்களில் மாவட்ட நீதிமன்றம்.

தத்து கேட்க வந்தவர்கள் ஏன் பாதுகாவலர் பதவி கேட்டார்கள் என்று இளம் வக்கீல்கள் இப்போது கேட்கிறார்கள். தத்து கேட்க அவர்களுக்கு இங்கே சட்டம் இல்லை என்பதுதான் பதில். 1956இல் வந்த தத்தெடுப்புச் சட்டம் இந்துக்களுக்கு மட்டும். பௌத்தர், சமணர், சீக்கியர் அதற்குள் அடக்கம். கிறிஸ்தவர், முஸ்லிம், பார்சி, யூதர் எவரும் அதன்படி தத்தெடுக்க முடியாது. இந்து அல்லாத வெளிநாட்டுக்காரருக்கு வழியே இல்லை. எல்லாருக்கும் பொதுவாக ஒரு தத்துச் சட்டம் கொண்டுவர 1972இல் மாநிலங்களவையில் ஒரு மசோதா வந்தது. மத அமைப்புகள் எதிர்த்ததில் 1978இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். முஸ்லிம்களுக்கு விலக்குக் கொடுத்து 1980இல் இன்னொன்று வந்தது. அதுவும் சட்டமாகாமலே போனது.

கையில் மிஞ்சியது வெள்ளைக்காரன் காலத்துக் கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டம், 1890ஆம் ஆண்டின் 8ஆவது சட்டம். அதைப் புரட்டிப் பார்த்தால் அது யாரை மனதில் வைத்து எழுதப்பட்டது என்று தெரிந்துவிடும். தகப்பன் செத்துப்போய், நிலமும் வீடும் மிஞ்சி, சின்னப் பையன் ஒருவன் நிற்கிறான், சித்தப்பன்மார் சொத்தைச் சுற்றி வருகிறார்கள், யாரைப் பொறுப்பாக்குவது? பாதி சட்டம் சொத்துக் கணக்கைப் பற்றியே பேசுகிறது. பேருந்து நிலையத்தில் துண்டில் சுற்றி விடப்பட்ட, சொத்தும் இல்லாத, பெயரும் இல்லாத ஒரு பெண் குழந்தையை அது நினைத்தே பார்த்திருக்காது. ஆனாலும் 17ஆவது பிரிவில் சிறாரின் நலனே நீதிமன்றம் பார்க்க வேண்டியது என்று எழுதியிருந்தது. நீதிமன்றத்தின் அனுமதியோடு குழந்தையை அதன் எல்லைக்கு வெளியே கொண்டுபோகலாம் என்று 26ஆவது பிரிவு சொன்னது. இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டு வக்கீல்களும் நீதிபதிகளும் ஒரு பாதை போட்டார்கள். இங்கே பாதுகாவலர் உத்தரவு. ஊருக்குப் போய் அந்த நாட்டுச் சட்டப்படி தத்து. அப்போது இருந்த நிலையில் அது கருணையால் போடப்பட்ட பாதை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அனாதை இல்லங்களில் சளியும் பேதியும் கண்டு கைக்குழந்தைகள் செத்துக்கொண்டிருந்த காலம் அது.

ஆனால் பாதுகாவலர் பெற்றவர் ஆகமாட்டார். அந்த உத்தரவால் குழந்தைக்கு வாரிசுரிமை வராது. குழந்தை மேஜர் ஆனதும் உறவு சட்டப்படி முடிந்துவிடும். நீதிமன்றம் பாதுகாவலரை நியமித்த சிறாருக்கு அப்போதெல்லாம் 21 வயதில்தான் மேஜர். 1999இல்தான் அதை 18 ஆக்கினார்கள். இன்னொரு முக்கியமான விஷயம், பாதுகாவலரை நீதிமன்றம் நீக்கலாம், பெற்றவரை நீக்க முடியாது. ஆக, சென்னையில் விமானம் ஏறும்போது அந்தக் குழந்தை யாருடைய பிள்ளையும் இல்லை. இந்தியப் பாஸ்போர்ட்டோடு, யாரோ ஒருவரின் பொறுப்பில், பிள்ளையாகப் போகிற நாட்டை நோக்கிப் பறந்தது. பல மனுக்களில் தம்பதிகள் இந்தியாவுக்கு வந்ததுகூட இல்லை. இங்குள்ள இல்லத்தின் நிர்வாகிக்குப் பவர் பத்திரம் எழுதி அனுப்பிவிடுவார்கள். குழந்தையைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒருவர் துணைக்குப் போவார்.

இந்த மனுவுக்கு ஒரு ஒழுங்கு வந்தது 1984இல். வெளிநாட்டுத் தத்து என்ற பெயரில் குழந்தைகள் விற்கப்படுகிறார்கள் என்று சொல்லி லட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். நீதிமன்றம் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டது. 1984 பிப்ரவரி 6ஆம் தேதி நீதிபதி பி.என். பகவதி எழுதிய தீர்ப்பு வந்தது. அன்றிலிருந்து இருபது வருஷத்துக்கும் மேல் கார்டியன் ஓ.பி.க்கு அதுதான் வேதம். நாடாளுமன்றம் செய்யாமல் விட்டதை ஒரு தீர்ப்பு செய்தது. அதற்கு நாம் நன்றியோடு இருக்க வேண்டும்.

தீர்ப்பு வெளிநாட்டுத் தத்தைத் தடுக்கவில்லை, வரம்பு கட்டியது. முதலில் இந்தியக் குடும்பம் கிடைக்குமா என்று பார்க்க வேண்டும். தம்பதிகள் நேரடியாக மனுப்போடக் கூடாது. அவர்கள் நாட்டில் அங்கீகாரம் பெற்ற அமைப்பின் வழியாகத்தான் வர வேண்டும். அந்த அமைப்பு அவர்கள் வீட்டை ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும். இங்கே மனுப்போடும் இல்லம் ஒன்று, அதைச் சரிபார்க்கும் அமைப்பு வேறொன்று. மனுவை இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும். நாட்டுக்குப் போன இரண்டு ஆண்டுக்குள் அங்கே தத்து முடிந்தாக வேண்டும். முதல் இரண்டு ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அடுத்த மூன்று ஆண்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, குழந்தையின் படத்தோடு நீதிமன்றத்துக்கு அறிக்கை வர வேண்டும். கடைசியாக ஒரு சின்ன நிபந்தனை: உத்தரவோடு குழந்தையின் புகைப்படம் ஒட்டப்பட்டு, அதில் நீதிமன்ற அலுவலர் கையெழுத்திட வேண்டும். காட்டிய குழந்தை ஒன்று, அனுப்பிய குழந்தை வேறொன்று என்று ஆகிவிடாமல் இருக்கத்தான்.

அந்தப் படங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தம்புச் செட்டி தெருவில் ஒரு சீனியரிடம் ஜூனியராக இருந்தபோது இந்த மனுக்களுக்குப் பக்க எண் போட்டு, கட்டுக் கட்டுவது என் வேலை. பாஸ்போர்ட் அளவில் கறுப்பு வெள்ளைப் படம். பின்னால் வெள்ளைத் துணி, துணியின் ஓரத்தில் குழந்தையைத் தாங்கிப் பிடித்த ஆயாம்மாவின் இரண்டு விரல்கள், கண்ணாடி வளையல். மை காயாத சீல் பாதி படத்திலும் பாதி தாளிலும் விழும். சில படங்களில் அது குழந்தையின் நெற்றியில் விழுந்து முகம் பாதி மறைந்திருக்கும். மறுபடி ஒரு படம் எடுத்து ஒட்டச் சொல்ல யாருக்கும் அப்போது தோன்றியதில்லை.

கட்டைப் பிரித்தால் மேலே மனு, அஃபிடவிட், வக்காலத்து, பவர் பத்திரம். அடுத்து ஹோம் ஸ்டடி ரிப்போர்ட். அது கனமாக இருக்கும். கணவன் என்ன வேலை, மனைவி என்ன வேலை, சம்பளம் எவ்வளவு, வீட்டுக் கடன் எவ்வளவு பாக்கி, இருவரின் இரத்த அழுத்தம், அவர்களைப் பெற்றவர்கள் இந்த முடிவைப் பற்றி என்ன சொன்னார்கள், ஏன் பிள்ளை இல்லை, இந்தியாவிலிருந்து ஏன் கேட்கிறார்கள். அத்தனையும் இருக்கும், ஒவ்வொரு தாளிலும் நோட்டரியின் முத்திரை, அதன்மேல் இந்தியத் தூதரகத்தின் முத்திரை. பனி மூடிய வீட்டு வாசலில் நாயோடு நிற்கும் தம்பதியின் வண்ணப் படம். கட்டிலும் பொம்மையும் வைத்துத் தயாராக இருக்கும் ஓர் அறையின் படம். அந்த அறையின் படத்தைப் பார்க்கும்போது அவர்கள் நல்லவர்களாகத்தான் இருப்பார்கள் என்று மனசு சொல்லும். பெரும்பாலும் நல்லவர்களாகத்தான் இருந்தார்கள்.

அதற்கடுத்து சைல்ட் ஸ்டடி ரிப்போர்ட். ஒன்றரைப் பக்கம், மிஞ்சினால் இரண்டு. பெயர், இல்லத்தில் வைத்தது. பிறந்த தேதி, மருத்துவர் பல்லையும் எடையையும் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொன்னது. கிடைத்த இடம், அரசு மருத்துவமனை வராந்தா என்றோ கோயில் வாசல் என்றோ ஒரு வரி. எடை, தடுப்பூசி, சிரிக்கிறதா, தவழ்கிறதா. தாய்: தெரியவில்லை. தந்தை: தெரியவில்லை.

பல்லாயிரம் மைல் தள்ளி இருக்கும் தம்பதியின் வீட்டுக் கடன் தவணைவரை அந்தக் கட்டுக்குள் இருந்தது. நீதிமன்றத்திலிருந்து பேருந்தில் போய்ச் சேரும் தூரத்தில் இருந்த ஒருத்தியைப் பற்றி ஒரு சொல் மட்டும். அன்று நானும் மற்றவர்களும் அதைக் குறையாகவே பார்க்கவில்லை. கைவிடப்பட்ட குழந்தை என்றால் தாய் தெரியாது, அவ்வளவுதானே. 1986 சிறார் நீதிச் சட்டம் வந்தபின் சிறார் நல வாரியம் விசாரித்து, ‘இந்தக் குழந்தையைத் தேடி யாரும் வரவில்லை, தத்துக்குக் கொடுக்கலாம்’ என்று சான்று தரும். சான்று இருந்தால் போதும்.

விசாரணை திறந்த நீதிமன்றத்தில் நடக்காது. நீதிபதியின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நடக்கும். சில நீதிபதிகள் குழந்தையைப் பார்த்தே ஆக வேண்டும் என்பார்கள். அன்று ஆயாம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வராந்தாவில் காலையிலிருந்து நிற்பார். “சார், ரெண்டு மணிக்கு மேல இது தூங்கிடும். அதுக்குள்ள கூப்பிட்ருவாங்களா?” என்று என்னிடம் ஒருமுறை கேட்டார். நான் போய் டவாலியிடம் சொன்னேன், டவாலி உள்ளே போய்ச் சொன்னார், ஐயா உடனே கூப்பிட்டுவிட்டார். உள்ளே போன குழந்தை மேஜைமேல் இருந்த சட்டப் புத்தகத்தின் நாடாவைப் பிடித்து இழுத்தது. நீதிபதி விடச் சொல்லவில்லை. அது இழுத்துக்கொண்டிருக்கும்போதே உத்தரவைச் சொல்லி எழுதச் செய்தார். வெளியே வந்ததும் ஆயாம்மா குழந்தைக்கு முத்தம் கொடுத்துவிட்டு, “ஃபாரின் போறியாடி செல்லம்” என்றார். பிறந்த நாளிலிருந்து அதை வளர்த்தவர் அவர்தான். அவர் பெயரும் கட்டுக்குள் எங்கும் இல்லை.

நீதிபதி குழந்தையைக் கண்ணால் பார்த்துவிட்டு அதன் தலைவிதியை எழுதினார் என்பதுதான் கார்டியன் ஓ.பி.யில் நான் மதித்த விஷயம். அதன் குறையும் அந்தச் சாத்திய கதவிலேயே இருந்தது.

பாதுகாவலர் சட்டத்தின் 11ஆவது பிரிவுப்படி மனுவைப் பற்றிச் சம்பந்தப்பட்டவர்களுக்கு நோட்டீஸ் போக வேண்டும். பகவதியின் தீர்ப்பு, நாளிதழில் நோட்டீஸ் வரக் கூடாது என்றது. உத்தரவு போட்டதும் எல்லாத் தாள்களையும் சீல் வைத்துவிட வேண்டும் என்றது. காரணம் நல்ல காரணம். கல்யாணமாகாமல் பெற்ற பெண்ணின் பெயர் ஊரில் நாறக் கூடாது. பிற்காலத்தில் பெற்றவர்கள் தேடிப்போய் வளர்த்தவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது. குழந்தைமேல் களங்கம் எதுவும் ஒட்டக் கூடாது. 1984இன் இந்தியாவில் இது இரக்கமுள்ள ஏற்பாடு. ஆனால் இதன் விளைவு என்ன? ‘இது என் பிள்ளை, நான் கைவிடவில்லை’ என்று சொல்லக்கூடிய ஒரே ஆளுக்கு மனு போட்டிருப்பதே தெரியாமல் போனது. அந்த அறையில் இல்லத்துக்கு வக்கீல் இருந்தார். தம்பதிக்கும் அவரேதான் வக்கீல். சரிபார்க்கும் அமைப்பின் அறிக்கை இருந்தது, ஆனால் அதுவும் தாளைப் பார்த்து எழுதிய தாள். மறுத்துப் பேச அங்கே யாரும் இல்லை. தாள் பொய்யாக இருந்தால் நீதிபதி எவ்வளவு நல்லவராக இருந்தும் பயனில்லை.

தாள் பொய்யாகத்தான் இருந்தது, சில வழக்குகளில். 2005இல் சென்னைக் காவல்துறை ஒரு கும்பலைப் பிடித்தது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நகரத்தின் குடிசைப் பகுதிகளிலிருந்து காணாமல் போன குழந்தைகள், புறநகரில் இருந்த ஓர் இல்லத்துக்கு விற்கப்பட்டு, பெயர் மாற்றப்பட்டு, தாயே ஒப்படைத்ததாகப் போலிப் பத்திரம் தயாரிக்கப்பட்டு, நெதர்லாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போயிருப்பதாக விசாரணையில் வெளிவந்தது. பிறகு வழக்கு சி.பி.ஐ.யிடம் போனது. அந்தப் பெற்றோர் கூலி வேலைக்காரர்கள். குழந்தை காணாமல் போன அன்றே காவல் நிலையத்துக்கு ஓடியவர்கள் அவர்களில் உண்டு. ஒரே நகரத்தில், காவல் நிலையத்தில் ‘காணவில்லை’ என்று ஒரு தாளும், நீதிமன்றத்தில் ‘கேட்பாரில்லை’ என்று ஒரு தாளும் இருந்திருக்கின்றன. இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் கடமையை எந்தச் சட்டமும் யாருக்கும் கொடுத்திருக்கவில்லை. அந்தச் செய்திகளைப் படித்த நாளிலிருந்து நான் பக்க எண் போட்ட கட்டுகளை எண்ணிப் படுத்தால் தூக்கம் வருவதில்லை.

தமிழ்நாட்டில் மட்டும் நடந்ததல்ல. ஆந்திரத்தில் லம்பாடிப் பழங்குடியினரின் குடியிருப்புகளில் வறுமையைக் காட்டிப் பெண் குழந்தைகளைச் சொற்பக் காசுக்கு வாங்கி இல்லங்களில் சேர்த்த தரகர்கள் 1999இலும் 2001இலும் பிடிபட்டார்கள். குழந்தையைப் பெற்றவர்களே ஒப்படைக்கும் முறைக்கே அந்த அரசு 2001இல் தடை போட்டது. வாங்கிய பக்கத்திலும் இப்போது திரும்பிப் பார்க்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் சூரிச், துர்காவ் மாநிலங்கள் எழுபதுகள் தொடங்கி 2002வரை இந்தியாவிலிருந்து வந்த குழந்தைகளின் கோப்புகளை ஆய்வாளர்களிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னன. தத்துக்குப் பெற்ற தாயின் ஒப்புதல் வேண்டும் என்பது சுவிஸ் சட்டம். ஆய்ந்த கோப்புகளில் ஒன்றில்கூட அந்த ஒப்புதல் இல்லை. நம் நீதிமன்றத்தின் பாதுகாவலர் உத்தரவே போதும் என்று அங்கே எடுத்துக்கொண்டார்கள். அங்கே போய்த்தான் தத்து முழுமையாகும் என்று இங்கே நினைத்தோம். தாயைத் தேடுவது இங்கேயும் நடக்கவில்லை, அங்கேயும் நடக்கவில்லை.

பாதிப் பாதியாக இருந்த இந்த உறவு வேறொரு வகையிலும் குழந்தைகளைக் குத்தியது. பாதுகாவலர் உத்தரவோடு அமெரிக்கா போன குழந்தைக்கு அங்கே மாநில நீதிமன்றத்தில் தத்து முடிக்க வேண்டும், அப்புறம் குடியுரிமைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். சில வீடுகளில் முதல் படி நின்றுபோனது. சில வீடுகளில் இரண்டாவது. அமெரிக்கா 2000இல் சட்டம் போட்டுத் தத்துப் பிள்ளைகளுக்குத் தானாகவே குடியுரிமை வரும்படி செய்தது. அது அமலுக்கு வந்த 2001 பிப்ரவரி 27 அன்று 18 வயது தாண்டியிருந்தவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. அப்படி விடுபட்டவர்களில் இந்தியாவிலிருந்து போனவர்களும் உண்டு. வளர்ந்து, ஏதோ ஒரு குற்ற வழக்கில் சிக்கி, நீங்கள் இந்த நாட்டுக்காரரே இல்லை என்று சொல்லப்பட்டு, மொழி தெரியாத, ஆள் தெரியாத இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்களும் உண்டு. ஐந்து ஆண்டு அறிக்கை வந்துகொண்டிருக்க வேண்டிய உத்தரவு அது. அறிக்கை நின்றபோது ஏன் என்று கேட்டு நம் நீதிமன்றம் கடிதம் போட்டதை நான் பார்த்ததே இல்லை. வந்த அறிக்கைகளும் கட்டோடு சேர்க்கப்பட்டன, அவ்வளவே. குழந்தை விமான நிலையம் தாண்டியதும் நீதிமன்றத்தின் கை எட்டவில்லை.

கார்டியன் ஓ.பி.க்குச் சாவு ஒரே நாளில் வரவில்லை. 1990இல் மத்திய தத்து ஆதார முகமையை அரசு அமைத்தது, ‘கரா’ என்போம். அதன் தடையில்லாச் சான்று இல்லாமல் மனுவுக்கு எண்ணே தரமாட்டார்கள் என்றானது. 1993இல் ஹேக் நகரில் நாடுகளுக்கிடையேயான தத்து குறித்து உடன்படிக்கை வந்தது. 2003இல் இந்தியா அதை ஏற்றுக்கொண்டது. 2000ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் மத வித்தியாசம் பார்க்காத தத்துக்கு முதல்முறையாக இடம் கொடுத்தது. 2006இன் திருத்தம் அதைத் தெளிவாக்கியது: நீதிமன்றமே தத்து உத்தரவு போடலாம், எடுப்பவர் எந்த மதமாக இருந்தாலும், எந்த நாடாக இருந்தாலும். அதற்குப் பிறகு கார்டியன் ஓ.பி.க்கு வேலை இல்லை. 2015இன் சிறார் நீதிச் சட்டம் 2016 ஜனவரி 15 முதல் அமலுக்கு வந்தபோது, வெளிநாட்டுத் தத்தெல்லாம் இச்சட்டத்தின்படி மட்டுமே என்று 56ஆவது பிரிவு சொல்லிவிட்டது. முறையான உத்தரவில்லாமல் குழந்தையை வெளிநாட்டுக்கு அனுப்பினால் தண்டனையும் உண்டு.

போகட்டும், போக வேண்டியதுதான். இப்போது குழந்தை இங்கேயே மகளாகி, மகனாகி விமானம் ஏறுகிறது. விமானத்தில் யாருடைய பிள்ளை என்ற கேள்வி இல்லை. எண்ணிக்கையும் குறைந்துவிட்டது. 2000களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேல் போனவர்கள், அண்மை ஆண்டுகளில் நானூறு சொச்சம். இங்கேயே குழந்தைக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள் பல்லாயிரம். பெண் குழந்தை என்றால் வேண்டாம் என்றிருந்த, 1992இல் சேலத்தில் அவர்களை விட்டுச்செல்ல அரசே தொட்டில் வைக்க வேண்டியிருந்த நிலையிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருப்பது பெரிய காரியம்.

ஆனாலும் இறந்ததோடு சேர்ந்து போனவற்றில் சிலவற்றுக்காக வருந்துகிறேன். நீதிபதியின் அறை போய்விட்டது. சிறார் நீதிச் சட்டத்தின் 2021 திருத்தம் 2022 செப்டம்பரில் அமலானபிறகு, தத்து உத்தரவில் கையெழுத்துப் போடுபவர் மாவட்ட ஆட்சியர். வெள்ள நிவாரணம், தேர்தல், நில எடுப்பு எல்லாவற்றுக்கும் நடுவில் இதுவும் அவர் மேஜைக்கு வரும். தாமதம் குறையும் என்கிறார்கள், குறையலாம். ஆனால் ஒரு குழந்தையின் பெற்றோரை மாற்றுவது நீதிமன்றம் செய்ய வேண்டிய காரியம் என்றே நான் இன்னும் நினைக்கிறேன். ஐந்து ஆண்டு அறிக்கை இரண்டு ஆண்டாகச் சுருங்கியதும் எனக்கு ஒப்பவில்லை. முன்பு அதை யாரும் படிக்கவில்லை என்பது படிக்க வைப்பதற்கான காரணமே தவிர, நிறுத்துவதற்கான காரணமில்லை.

இப்போது முக்கியமானதற்கு வருகிறேன். அந்தக் கட்டுகள்.

சில வருஷங்களாக அவர்கள் வருகிறார்கள். நாற்பதை ஒட்டிய வயது, நம் வீட்டுப் பெண்களின் முகம், வேற்று நாட்டு நடை. பையில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் பாதுகாவலர் உத்தரவின் நகல். அப்படி என்னிடம் வந்த ஒருத்தி, உத்தரவில் ஒட்டியிருந்த படத்தில் தன் முகத்தைப் பார்க்கவில்லை. துணியின் ஓரத்தில் தெரிந்த விரல்களைக் காட்டி, இது என் அம்மாவா என்று கேட்டாள். இல்லை, இல்லத்து ஆயாம்மாவாக இருக்கும் என்றேன். அவர் பெயர் என்ன என்றாள். என்னால் சொல்ல முடியவில்லை. இல்லம் மூடிப் பல காலம் ஆகிவிட்டது. அதன் பதிவேடுகள் எங்கே என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவளுக்கு மிஞ்சியிருந்தது நீதிமன்றத்துக் கட்டு ஒன்றுதான். ஓ.பி. எண்ணும் ஆண்டும் அவள் கையில் இருந்தன.

பகவதியின் தீர்ப்பே இதற்கு ஒரு வாசல் வைத்திருந்தது. குழந்தை வளர்ந்து பக்குவப்பட்டபின் பெற்றவர்களைப் பற்றி அறிய விரும்பினால், சொல்வதற்குப் பெரிய ஆட்சேபம் இருக்க வேண்டியதில்லை என்று அதில் இருக்கிறது. இன்றைய தத்து ஒழுங்குமுறைகளும் 18 வயது முடிந்தவர் தன் மூலத்தைத் தேட விண்ணப்பிக்கலாம் என்கின்றன. ஆனால் அவை தத்து முகமைகளையும் அவற்றின் பதிவேடுகளையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. மூடிப்போன இல்லத்துக்கு யார் பதில் சொல்வது? வேறொருவர் இவர்கள் சார்பில் தேடவும் ஒழுங்குமுறை இடம் கொடுக்கவில்லை. வெளிநாட்டில் வேலையும் குடும்பமுமாக இருப்பவர் எத்தனை முறை விடுப்புப் போட்டுச் சென்னைக்கு வர முடியும்? எதிர்ப்பக்கத்தில் இன்னொருத்தி இருக்கிறாள். பிள்ளையைப் பறிகொடுத்து, காவல் நிலையத்துப் புகார் நகலைப் பெட்டியில் வைத்திருப்பவள். அவள் தன் பிள்ளையைத் தேட விண்ணப்பிக்க எந்தப் படிவமும் இல்லை.

நீதிமன்றத் தாள்களுக்கு ஆயுள் உண்டு. 1917ஆம் ஆண்டின் பதிவேடுகள் அழிப்புச் சட்டம், தேவையற்றவை என்று கருதும் ஆவணங்களை அழிப்பதற்கு விதி செய்துகொள்ள உயர் நீதிமன்றங்களுக்கு அதிகாரம் கொடுக்கிறது. இடமில்லை, கரையான், மழைத் தண்ணீர் என்று பதிவறைகளுக்கு ஆயிரம் கஷ்டம், நான் அறிவேன். முப்பது வருஷத்துக்கு முன் முடிந்த ஒரு மனுவை, எதிர்ப்பே இல்லாமல் முடிந்த ஒரு மனுவை, தேவையற்றது என்று ஓர் எழுத்தர் நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. அதனால்தான் அவர் நினைக்க இடமில்லாமல் செய்ய வேண்டும். வெளிநாட்டுத் தம்பதிகளுக்காகப் போடப்பட்ட கார்டியன் ஓ.பி. கட்டுகள், உயர் நீதிமன்றத்திலும் மாவட்ட நீதிமன்றங்களிலும் எவ்வளவு மிஞ்சியிருந்தாலும், அழிக்கும் பட்டியலில் எக்காலத்திலும் சேரக் கூடாது. அவற்றைத் தனியாகப் பிரித்து, படத்தோடு ஸ்கேன் எடுத்து, ஓ.பி. எண்படி ஓர் அட்டவணை போட வேண்டும். அந்தக் காலத்துக் காணாமல் போன குழந்தைகளின் காவல் நிலையப் புகார்களை அதே அட்டவணையோடு ஒப்பிட ஓர் அலுவலரை நியமிக்க வேண்டும். பிள்ளை கேட்டாலும் பெற்றவள் கேட்டாலும் ஒரு நீதிபதியின் அனுமதியோடு கட்டைப் பிரித்துக் காட்டும் முறை வேண்டும். இதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை; உயர் நீதிமன்றம் தானே முன்வந்து விதி செய்தால் போதும். கரையான் அரித்ததுபோக மிச்சம் இருக்கும்போதே அதைச் செய்ய வேண்டும்.